பதினெட்டு மீட்டர்

காலை இப்படிக் கல்லு மேல நீட்டி வெச்சுக்கங்க அம்மிணி. தொங்க விடாதீங்க, இன்னும் வீங்கிரும். ஜீப்பு வந்துரும். போன் பண்ணிட்டேன். ஸ்டெல்லா டீச்சர் அரை மணி நேரம்னு சொன்னாங்க. மழை பேஞ்ச ரோடு, முக்கால் மணி நேரம்னு வெச்சுக்கங்க. தண்ணி குடிங்க. டீ வேணும்னா பிளாஸ்க்குல இருக்குது, சக்கரை போடாதது. எனக்குச் சுகருங்க.

பதறாதீங்க. மொத தடவை வர்றவங்க காலைச் சுளுக்கிக்கறதும் வழி தப்பறதும் சகஜந்தான். நீங்க ரெண்டையும் ஒரே நாள்ல முடிச்சுட்டீங்க. எங்க தப்புனீங்கன்னு பாக்கலாம், ஒங்க படத்தைக் காட்டுங்க. வேண்டாம், வேண்டாம், உள்ள வெச்சுக்கங்க. நான் படத்தைக் கையில வாங்கக் கூடாது. அது இங்க ஒரு விதி. எல்லாருக்கும் இல்லீங்க, எனக்கு மட்டும்.

அதா, அந்தக் கற்பூர மரத்துக்கு இந்தப் பக்கம், பள்ளம் வளையற எடத்துல, ஆரஞ்சும் வெள்ளையுமாத் தலகாணி உறையாட்டம் தொங்குது பாருங்க. அதுதான் ஏழாம் நம்பர் கொடி. எல்லாரும் அதைத் தேடிக்கிட்டு வருவாங்க, அதுல கட்டியிருக்கற ஊசிக் கிளிப்புல கையில இருக்கற அட்டையைக் குத்திக்கிட்டு எட்டாம் நம்பருக்கு ஓடுவாங்க. ஒரு கொடி விட்டுப்போனாலும் கணக்குல இல்ல. நீங்க அதைத் தேடித்தான் வந்திருப்பீங்க, ஆனா எதிர்ப்பக்கம் இருந்து வந்தீங்க. அந்தக் கொடிக்கு நான்தான் காவல். காலையில ஆறரையில இருந்து இந்தச் சேர்ல உக்காந்திருக்கேன். அனுபவப்பட்ட ஆளு ஒருத்தர் முக்கியமான எடத்துல இருக்கணும்னு டீச்சர் நெனச்சிருப்பாங்க. பேசக் கூடாது, கை காட்டக் கூடாது, கொடிக்குப் பத்தடிக்குள்ள போகக் கூடாது. எழுதிக் கையெழுத்தே வாங்கிக்கிட்டாங்கன்னா பாத்துக்கங்க, எவ்வளவு பொறுப்பான வேலைன்னு.

ஒங்ககிட்டப் பேசலாங்க. அடிபட்டவங்களைப் பத்தி விதியில ஒண்ணும் போடல. படிச்சுப் பாத்துட்டேன்.

மணி என்ன? பத்தேகாலா? சரி. பத்தரை வாக்குல எங்க வீட்டுக்காரி இந்த வழியா வருவா. சாந்தாமணின்னு பேரு, அம்பத்தெட்டு வயசு. அம்பத்தஞ்சுக்கு மேற்பட்ட பொம்பளைங்க பிரிவுல இன்னிக்கு ரெண்டு பேரை எடுக்கறாங்க. அந்த ரெண்டு பேரும் டேராடூன்ல நடக்கற தேசியப் போட்டிக்குப் போவாங்க, ரயில்ல, பன்னெண்டு நாள். அவ போன வருசமே போயிருக்க வேண்டியவ. ஏன் போகலைன்னு இங்க யாரைக் கேட்டாலும் ஒரு கதை சொல்லுவாங்க. நம்பாதீங்க. நடந்ததை நான் சொல்றேன். அளவு எடுத்தவன் நான்தானே.

என் பேரு தெய்வசிகாமணி. மேட்டுப்பாளையம். நில அளவைத் துறையில முப்பத்து நாலு வருசம் சர்வேயர். பதினோரு தாலுகா. என் சங்கிலி விழுந்த எடத்துல மறுபடி ஒரு எல்லைத் தகராறு வந்ததில்ல. வந்திருந்தாலும் அதுக்குள்ள எனக்கு மாறுதல் வந்திருக்கும்.

ஆரம்பம் டாக்டருங்க. ரிட்டையர் ஆன ரெண்டாவது வருசம் சுகர் முந்நூறு. நடங்கன்னாரு. முப்பத்து நாலு வருசம் நடந்தவனை இன்னும் என்ன நடக்கச் சொல்றீங்கன்னு கேட்டேன். அது சர்க்காருக்கு நடந்தது, இது ஒங்களுக்கு நடக்கறதுன்னாரு. வாயாடி டாக்டரு. தனியாப் போகப் பிடிக்காம சாந்தாமணியையும் கூட்டிக்கிட்டுப் போனேன். அவளுக்கு ஒரு வியாதியும் இல்ல, சும்மா துணைக்கு. பவானி ஆத்துப் பாலம் வரைக்கும் போய்த் திரும்புவோம். நான் முன்னால, அவ பின்னால. மெதுவா நடக்கறவ இல்லீங்க. பின்னால வர்றது பழக்கம்.

எங்க தெருவுல குடியிருக்கற பி.டி. டீச்சர்தான் ஸ்டெல்லா. முப்பது வயசு இருக்கும். ஞாயித்துக்கிழமை ஆனாப் போதும், ஒரு கூட்டத்தைச் சேத்துக்கிட்டுக் கிளம்பிரும். ஒரு வாரம் மலையேத்தம், ஒரு வாரம் சைக்கிள், ஒரு வாரம் இந்த ஓரியன்டீரிங். அது என்ன பாப்பான்னு கேட்டேன். காட்டுல அங்கங்க கொடி கட்டியிருப்போம் சார், படத்தையும் காம்பஸையும் பாத்து எல்லாக் கொடியையும் யாரு வெரசாக் கண்டுபிடிக்கறாங்கன்னு போட்டி அப்படின்னுச்சு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. படமா? என்கிட்டயா? பொண்டாட்டியோட இருந்த நேரத்தை விடப் புலப்படத்தோட இருந்த நேரம் அதிகம் பாப்பான்னு தமாசாச் சொன்னேன். சாந்தாமணி பக்கத்துலதான் நின்னா. சிரிக்கல. அவளுக்குத் தமாசு அவ்வளவாப் புரியாதுங்க.

மொத போட்டி இதே காட்டுலதான். அவ வந்தது என்னோட தண்ணி பாட்டிலையும் பிளாஸ்க்கையும் தூக்கறதுக்கு. சேலையோட வந்தா. படத்தைக் கையில குடுத்தாங்க, பாத்தேன். படமாங்க அது? சர்வே நம்பர் இல்ல, உட்பிரிவு இல்ல, ஒரு பட்டாதாரர் பேரு இல்ல. பச்சைன்னா அடர்ந்த காடாம், வெள்ளைன்னா ஓடக்கூடிய காடாம். பாறைக்கு ஒரு கறுப்புப் புள்ளி. இதைத் தயாரிச்ச அலுவலர் கையெழுத்து எங்கேன்னு கேட்டேன். அந்தப் புள்ள முழிச்சுது. சரி, நாமளே சரிபாத்துக்குவோம்னு ஆரம்பக் கோட்டுலயே நின்னு இருபது நிமிசம் படத்தைத் தணிக்கை பண்ணுனேன். சும்மா நிக்கறதுக்கு நீங்களும் போய்ட்டு வாங்கக்கான்னு டீச்சர் சாந்தாமணி கையில ஒரு படத்தைக் குடுத்துருச்சு.

ஒரு மணி பத்து நிமிசம். பத்துக் கொடியையும் குத்திட்டு வந்து, டீயை ஊத்தி ஆற வெச்சுக்கிட்டு எனக்காக உக்காந்திருந்தா. நான் மூணு மணி நேரம். நாலு கொடி. ஆனா அந்த நாலும் சந்தேகத்துக்கு எடமில்லாமச் சரிபாத்த நாலுங்க.

நீ எப்படிக் கண்டுபிடிச்சேன்னு வீட்டுக்கு வந்து கேட்டேன். அதுக்கு அவ சொல்றா: "புது ஊருக்குப் போனா நீங்க மறுநாளே சங்கிலியை எடுத்துக்கிட்டுப் போயிருவீங்க. ரேசன் கடை, மாவு மில்லு, புள்ளைக்குக் காய்ச்சல்னா டாக்டர் வீடு, எல்லாம் நான்தானுங்க தேடுவேன். பதினோரு ஊரு. யாரையும் கேக்கவும் மாட்டேன். கேட்டாப் புதுசுன்னு தெரிஞ்சு போயிரும்."

ரேசன் கடைக்கும் ஓரியன்டீரிங்குக்கும் என்னங்க சம்பந்தம்? நான் சொன்னேன், இத்தனை வருசம் ஒரு சர்வேயரோட குடித்தனம் பண்ணீருக்கே, அது தானா வந்து ஒட்டியிருக்கும்னு. அவ ஒண்ணும் சொல்லல. ஒத்துக்கிட்டான்னுதானே அர்த்தம்.

அப்புறம் நான்தான் அவளுக்குக் கோச். நல்லாக் கேட்டுக்கங்க, டீச்சர் இல்ல, நான். தினம் சாயங்காலம் சாப்பாட்டு மேசையில படத்தை விரிச்சு, ஸ்கேலு, புரோட்டிராக்டர் எல்லாம் வெச்சுப் பாடம் எடுத்தேன். அவ ஒரு கையில வெங்காயம் உரிச்சுக்கிட்டே தலையாட்டுவா. அதுக்குப் பிறகு கோயமுத்தூர்ல நடந்ததுல மொத எடம், ஏற்காட்டுல மொத எடம். பாடத்தோட பலன். ஒரு தடவை மட்டும் நான் சொன்ன வழியிலயே போயிருக்கா. கொடைக்கானல்ல. அன்னிக்குக் கடைசி எடம். எங்கயோ தப்பாப் புரிஞ்சுக்கிட்டாளாட்டம் இருக்குது.

சேலையில முள்ளு மாட்டுதுன்னு சுடிதாருக்கு மாறுனா. அப்புறம் டிராக் பேண்ட். அம்பத்தேழு வயசுல. அதைப் போட்டுக்கிட்டுக் காலையில அஞ்சரைக்குத் தெருவுல ஓடுனா பாக்கறவங்க என்ன நெனப்பாங்க? என் தங்கச்சி ஈரோட்டுல இருந்து போன் பண்ணிக் கேக்கறா, அண்ணிக்கு என்ன ஆச்சுன்னு. நான் பழைய காலத்து ஆளு இல்லீங்க. அவளை ஒரு வார்த்தை சொல்லல. ஒரு வாரம் பேசாம இருந்தேன், அவ்வளவுதான். ஏழாம் நாளு, ஏனுங்க, தொண்டை சரியில்லையான்னு கேட்டு மிளகு ரசம் வெச்சுக் குடுத்தா.

இப்ப போன வருசத்துக்கு வர்றேன். இதே காடு, இதே தேர்வு. டேராடூன் போற ஆளுங்களோட வீட்டுக்காரங்களும் கூடப் போகலாமான்னு முன்னாடியே டீச்சர்கிட்டக் கேட்டேன். இல்லைன்னுட்டாங்க. மேனேஜர் மாதிரி ஒரு பதவி? அதுவும் இல்லையாம். பன்னெண்டு நாள் நான் எப்படிச் சாப்பிடுவேன்னு சாந்தாமணிகிட்டக் கேட்டேன். கேக்கறது தப்புங்களா? அரிசி டப்பா சமையக்கட்டுலதானுங்க இருக்குதுன்னா. அது ஒரு பதிலா? சமையக்கட்டுல இருக்குதுன்னு எனக்கும் தெரியும். சமையக்கட்டுல எங்கே?

அவ ஒரு மாசமாவே தயாரு. கம்பளிக் குல்லா ஒண்ணு பின்னி வெச்சிருந்தா. அங்கிருந்து பாத்தாப் பனிமலை தெரியுமாமே, நெசந்தானுங்களான்னு ரெண்டு தடவை கேட்டா. கல்யாணம் ஆன முப்பத்தஞ்சு வருசத்துல அவ எனக்குத் துணி மடிச்சு வெக்காமத் தனியாப் போன ஊருன்னு ஒண்ணும் இல்லீங்க. பிரசவத்துக்குப் போறப்பக் கூட என் சட்டையை எல்லாம் இஸ்திரி போட்டு வெச்சுட்டுத்தான் போனா. அவளுக்குப் போகணும்னு ஆசை. அது எனக்குத் தெரியும். இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

போட்டி அன்னிக்கு ஆம்பளைங்க முன்னால கிளம்புனோம். அறுவதுக்கு மேற்பட்டவங்க பிரிவுல நான். ஆறு கொடி ஒழுங்காக் குத்திட்டு இங்க வந்தேன். ஏழாம் நம்பரு. இன்னிக்கு இருக்கற அதே எடத்துலதான் அன்னிக்கும் கட்டியிருந்தாங்க. பாத்ததுமே எனக்கு மனசு ஒப்பல. அக்கட்டப் பக்கம் எஸ்டேட் வேலி ஓரமா ஒரு கல்லு நிக்குது. படத்துலயும் போட்டிருக்கற பழைய சர்வே கல்லு. அதுல இருந்து அளந்தேன். என்னோட ஒரு எட்டு எம்பது சென்டிமீட்டர், முப்பத்து நாலு வருசமா மாறல. மூணு தடவை அளந்தேன். மூணு தடவையும் ஒரே கணக்கு. படத்துல இருக்கற எடத்துக்கும் கொடி தொங்குன எடத்துக்கும் பதினெட்டு மீட்டர் வித்தியாசம்.

பதினெட்டு மீட்டர் அம்மிணி! அஞ்சு சென்டிமீட்டருக்குக் கோர்ட்டுக்குப் போற ஊருங்க நம்முது. அம்பது அறுவது பேரு பின்னால வரப்போறாங்க, எல்லாரும் தப்பான எடத்துக்கு வந்து குத்திட்டுப் போவாங்க. மனசாட்சி உள்ள ஒரு சர்வேயர் அதைப் பாத்துக்கிட்டுப் போக முடியுங்களா? கொடியை அவுத்தேன். அளந்து, சரியான எடத்துல கொண்டு போயிக் கட்டுனேன். கொஞ்சம் பொதருக்குப் பின்னால வந்துருச்சு. அதுக்கு நான் என்ன பண்றது, அளவு அங்கதான் போய் நின்னுது.

வேணும்னே பண்ணீங்களான்னு கேக்கறீங்க. ஒங்க முகத்தைப் பாத்தாலே தெரியுது. இல்லீங்க. வேணும்னு பண்றவன் அடையாளம் வெச்சுட்டுப் போவானா? பழைய எடத்துல இருந்து புது எடத்தைப் பாத்து, குச்சியில மண்ணுல பெருசா ஒரு அம்புக்குறி கீறி, தலைமாட்டுல மூணு கல்லு அடுக்கி வெச்சேன். அது என் வழக்கம். எங்க வீட்டுல மோட்டார் சுவிட்சுல இருந்து தண்ணித் தொட்டி மூடி வரைக்கும் எல்லாத்துலயும் அதே அம்புதான். வேணும்னேவான்னு டீச்சரும் கேட்டாங்க. சாந்தாமணி மட்டுந்தான் கேக்கல. கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். பதில் யோசிச்சு வெச்சிருந்தேன்.

பின்னால வந்தவங்க அந்த எடத்துல கொடியைக் காணாம முழிச்சிருக்காங்க. அம்பைப் பாத்தவங்க யாரோ வெளையாடியிருக்காங்கன்னு நெனச்சுட்டாங்க. ஏழெட்டுப் பேரு அப்படியே விட்டுட்டு அடுத்த நம்பருக்கு ஓடிட்டாங்க. சாந்தாமணி வந்தா. அதுவரைக்கும் அவதான் முன்னால இருந்தா, ஆறு நிமிசம். வந்தவ அம்பைப் பாத்தா. அவளுக்குத் தெரியாதுங்களா அது யாரோட கைன்னு?

அவ என்ன பண்ணீருக்கணும்? அம்பு காட்டுன பக்கம் போயி, அட்டையைக் குத்திக்கிட்டு ஓடியிருக்கணும். அரை நிமிசம். பனிமலையைப் பாத்திருப்பா. அவ அப்படிப் பண்ணல. பொதருக்குள்ள போயி, நான் போட்ட முடிச்சை அவுத்து, கொடியைத் தூக்கிக்கிட்டு வந்து மறுபடி பழைய எடத்துல கட்டியிருக்கா. அப்புறம் என் அம்பைக் காலால அழிச்சிருக்கா. அதுக்கப்புறந்தான் அட்டையைக் குத்தியிருக்கா. கொடியோட நடந்து வர்றப்பச் சேலத்துக்காரி ஒருத்தி பாத்துட்டா. போட்டியில கொடியைத் தொட்டாலே தகுதி போச்சு.

அவ எல்லாரையும் முந்திக்கிட்டு மொத ஆளா வந்தாளுங்க. அதுக்கப்புறந்தான் புகார் வந்துச்சு. கூடாரத்துக்கு முன்னால நிக்க வெச்சு விசாரிச்சாங்க. கொடியைத் தொட்டீங்களாக்கான்னு டீச்சர் கேட்டாங்க. ஆமாங்கன்னா. ஏன்னு கேட்டாங்க. "அது இருக்க வேண்டிய எடத்துல இல்லீங்க"ன்னா. அப்ப யாரு மாத்துனதுன்னு கேட்டாங்க. அதுக்குத் தெரியாதுன்னுட்டா.

நான் பக்கத்துலதான் நின்னேன். ஒரு மூணடி. அவ என்னைத் திரும்பிப் பாக்கல.

வாயைத் தொறந்தேனுங்க. பொய் இல்ல, தொறந்தேன். ஆனா அத்தனை பேருக்கு நடுவுல ஒங்க படம் தப்புன்னு எப்படிச் சொல்றது? டீச்சர் சின்னப் புள்ள, அதுக்கு அசிங்கமாயிரும். எதுவா இருந்தாலும் எழுத்துப்பூர்வமாப் பண்ணிக்கலாம்னு வாயை மூடிக்கிட்டேன். ஒரு வருசம் எந்தப் போட்டியிலயும் கலந்துக்கக் கூடாதுன்னு சொன்னாங்க. சரிங்கன்னு சொல்லிட்டு நெஞ்சுல குத்தியிருந்த நம்பர் துணியைக் கழட்டிக் குடுத்தா. பஸ்ஸுல ஜன்னல் ஓரம் உக்காந்தா. வீட்டுக்கு வந்து தோசை ஊத்துனா. எத்தனைங்கன்னு கேட்டா, மூணுன்னேன். அன்னிக்குப் பேச்சு அவ்வளவுதான்.

சண்டை போட்டிருந்தாப் பரவாயில்லீங்க. ஒண்ணுமே இல்ல. எப்பவும் போல காப்பி, எப்பவும் போல மாத்திரை. ஆனா சாப்பாட்டு மேசையில படத்தை விரிச்சா, எனக்கு வேலை இருக்குதுங்கன்னு எந்திரிச்சுப் போயிருவா. காலையில ஓடப் போறதை மட்டும் நிறுத்தல. எந்தப் பக்கம் போறான்னு முந்தியெல்லாம் சொல்லிட்டுப் போவா. இப்பச் சொல்றதில்ல. நான் பாலம் வரைக்கும் தனியாத்தான் போறேன். பின்னால யாரோ வர்றாங்கன்னு நெனச்சு ரெண்டு மூணு தடவை திரும்பிப் பாத்திருக்கேன்.

மூணு வாரம் கழிச்சு மனு எழுதுனேன். நாலு பக்கம். அனுப்புநர், பெறுநர், பொருள்: போட்டி வரைபடத்தில் காணப்படும் பிழை தொடர்பாக. பார்வை எல்லாம் போட்டு, கூட ஒரு வரைபடமும் இணைச்சு. மூணாம் பக்கத்துல ஆதாரமாச் சொல்லியிருந்தேன், மேற்படி பிழையைக் கள ஆய்வின்போது நானே நேரில் கண்டறிந்து கொடியை உரிய இடத்துக்கு மாற்றி அமைத்தேன்னு. டீச்சர் அந்த மனுவைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடி வந்துச்சுங்க எங்க வீட்டுக்கு. சார், இதை நீங்கதான் எழுதுனீங்களான்னு கேட்டுது. கையெழுத்து இருக்குதே பாப்பான்னேன்.

மறு ஞாயித்துக்கிழமை இங்க கூட்டிக்கிட்டு வந்தாங்க. எந்தக் கல்லுல இருந்து அளந்தீங்க சார்னு கேட்டாங்க. காட்டுனேன். டீச்சர் ஒரு குச்சியை எடுத்து அதுல பிடிச்சிருந்த பாசியைச் சுரண்டுச்சு. உள்ள டெலிபோன் கம்பி படம் போட்டிருந்துச்சு. எப்பவோ கேபிள் புதைச்சப்ப நட்ட கல்லு. உண்மையான சர்வே கல்லு பதினெட்டு மீட்டர் தள்ளி, செடிக்குள்ள இருந்துச்சு. பாசி பிடிச்சுக் கெடந்தா யாருக்குங்க தெரியும்? கல்லுத்தான் தப்பு. அளவு தப்பில்ல. பதினெட்டுன்னு சொன்னேன், பதினெட்டுத்தான இருந்துச்சு?

எப்படியோ, என் மனுவாலதான் சாந்தாமணி மேல இருந்த தடை நீங்குச்சு. அதை யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. ஆனா அதுக்குள்ள டேராடூன் ரயிலு போயிருச்சு. தடையை எடுத்துட்டோம்னு டீச்சர் வந்து சொன்னப்ப, சாந்தாமணி சரிங்க டீச்சர்னு சொல்லிட்டு உள்ள போயி அந்தக் குல்லாவை எடுத்து வெயில்ல காயப் போட்டா. பூச்சி அரிச்சிரும்னு. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். தப்புப் பண்ணிட்டேன்னு அப்பத்தான் எனக்கு...

இருங்க. பேசாதீங்க. சருகு சத்தம் கேக்குது. அவதான்.

...

போயிட்டா. பாத்தீங்கல்ல? ரோட்டு வழியா வரல. பள்ளத்துக்குள்ள எறங்கி ஏறி வர்றா. படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கேன், ரோட்டை விடாதேன்னு. வந்ததும் பாத்தீங்களா, மொதல்ல படத்தைப் பாத்தா, அப்புறம் பள்ளம் வளையற எடத்தைப் பாத்தா, அப்புறம் கொடியைப் பாத்தா. அதுக்கப்புறம் என்னைப் பாத்தா. அதனாலதான் நான் ரெண்டு கையையும் தூக்கிக் காட்டுனேன், தொடவே இல்லைன்னு. கை காட்டக் கூடாதுன்னு விதி இருக்குது. நீங்க யார்கிட்டயும் சொல்லீராதீங்க. ஒங்ககிட்ட மட்டும், காலைத் தொங்க விடாத கண்ணுன்னு சொல்லிட்டுப் போறா.

நீங்க பாத்தீங்களா அம்மிணி, போறப்பச் சிரிச்சாளா? எனக்குக் கண்ணாடியில பனி.

சிரிச்ச மாதிரி இருந்துச்சா. மாதிரியா? சரி, மாதிரின்னே வெச்சுக்குவோம்.

பன்னெண்டு நாள் எப்படிச் சமாளிப்பீங்கன்னு நீங்க கேக்கறது நாயந்தான். நானும் அதையேதான் போன வாரம் கேட்டேன். இந்தத் தடவை டப்பா சமையக்கட்டுல இருக்குதுன்னு சொல்லல. நேத்துக் காலையில காப்பியோட இதைக் கொண்டு வந்து வெச்சா. சட்டைப் பையில பிளாஸ்டிக் உறை போட்டு வெச்சிருக்கேன், பாருங்க. இது வீட்டுப் படம், விதியில வராது.

எங்க சமையக்கட்டும் கூடமும். எல்லாம் இவங்க போட்டிப் படம் மாதிரியே போட்டிருக்கா. வாசப்படியில முக்கோணம், அது ஆரம்பம். சிவப்புப் பேனாவுல வட்டம், வட்டத்துக்குப் பக்கத்துல நம்பர். ஒண்ணு, காலை மாத்திரை. ரெண்டு, அரிசி டப்பா, ஒரு டம்ளர் அரிசிக்கு ரெண்டரை டம்ளர் தண்ணி. மூணு, குக்கர் வெயிட்டு. இப்படிப் போகுது. ஆனா அளவு தப்புங்க அம்மிணி. அடுப்புக்கும் அலமாரிக்கும் நாலடி இருக்கற மாதிரி போட்டிருக்கா. டேப் வெச்சு அளந்தேன், மூணேகால் அடிதான். ஜன்னலைக் கிழக்கே ஓரடி தள்ளிப் போட்டிருக்கா. முப்பத்தஞ்சு வருசம் ஒரு சர்வேயரோட குடித்தனம் பண்ணுனவ போட்ட படமா இது?

ஆனாலும் அவ தேர்வாகறதுக்கு முன்னாடியே படம் போட்டு வெச்சிருக்கா பாத்தீங்களா. அவ்வளவு நம்பிக்கை. என் பாடம் வீண் போகல.

இந்தா, ஜீப்பு வந்துருச்சு. மெதுவா எந்திரிங்க, என் தோளைப் பிடிச்சுக்கங்க. டிரைவர் தம்பி, பாத்து ஏத்துங்க, வலது காலு. அங்க என்ன நெலவரம்? இப்பத்தான் போன் வந்துச்சா? சாந்தாமணியா? மொத எடமா? எத்தனை நிமிசம்? ஒம்பதா.

ஒம்பது நிமிசம்.

ஆகட்டும். போவட்டும். குல்லா இருக்குது.

இல்லீங்க, தூசி. நீங்க கெளம்புங்க. கடைசி வட்டம் எதுன்னு கேக்கறீங்களா? அதா, இங்க ரெட்டை வட்டம் போட்டிருக்கா பாருங்க, போட்டி முடியற எடத்துக்குப் போடுவாங்களே, அது. ஜன்னலுக்கு இடது பக்கம் ஒரு ஸ்டூலு. பக்கத்துல எழுதியிருக்கா, "இங்கதான் சிக்னல் கிடைக்கும். சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிடுவேன், உக்காந்திருங்க"ன்னு. அதுலயும் பிழைங்க. எங்க வீட்டுல ஸ்டூலு ஜன்னலுக்கு வலது பக்கம். பதினாறு வருசமா வலது பக்கந்தான். நேத்தே படத்தைத் திருத்தறதுக்குப் பென்சிலைச் சீவி எடுத்துட்டு வந்து உக்காந்தேன். ரொம்ப நேரம் பாத்தேன். அப்புறம் பென்சிலை உள்ள வெச்சுட்டு, ஸ்டூலைத் தூக்கி இடது பக்கம் போட்டுட்டேன்.